தாயத்துச் சட்டங்கள்

"கேள்வி கேட்காதே! கேட்டால் சாமி கண்ணைக் குத்தும்!" இந்த மிரட்டலைத் தாலாட்டோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்த சமுதாயம் நம்முடையது. "குத்தட்டும், பார்ப்போம்" என்று துணிந்து சொன்ன சிலரால்தான் இந்நாட்டில் பகுத்தறிவு என்ற சொல்லுக்கு உயிர் வந்தது. அந்த மிரட்டல் மடிந்து விட்டதா? இல்லை, உடை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. "கேள்வி கேட்காதே! கேட்டால் நாடு பாழாகும்!" என்கிறது இப்போது. அன்று ஆண்டவன் பேரால். இன்று பாதுகாப்பின் பேரால். அன்று கோயில் வாயிலில். இன்று நாடாளுமன்ற மண்டபத்தில். பயங்கரவாத ஒழிப்பு என்று பெயர் சூட்டி ஒரு சட்டம் வருகிறது. அதனால் பயங்கரவாதம் ஒழிந்ததா என்று கேட்பவன் மட்டும் தேசத்துரோகி ஆகிறான்! நாம் கேட்கிறோம். கேட்பதே நம் வேலை.

கேட்குமுன் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறோம். குண்டு வைப்பவனுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. 1998 பிப்ரவரி 14-இல் கோவையில் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைக் குடித்தன. 2008 நவம்பரில் மும்பையில் 166 பேர் மாண்டனர். மாண்டவர்களில் மூட்டை தூக்கியவர் உண்டு, ரயிலுக்குக் காத்திருந்தவர் உண்டு, உணவு பரிமாறியவர் உண்டு. அவர்கள் யாருக்கு என்ன தீங்கு செய்தார்கள்? குற்றமற்றவனைக் கொன்று குறிக்கோளை அடையலாம் என்பது அறிவுமல்ல, வீரமுமல்ல. அந்தக் கொடுமையை நாம் வெறுக்கிறோம். வெறுப்பதனால்தான், அதை ஒழிக்கும் வழி என்று காட்டப்படுவது உண்மையிலேயே வழிதானா என்று உரைத்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். நோயை வெறுப்பவன் மருந்தைச் சோதிப்பான். மருந்தைச் சோதிக்காதே என்பவன் மருத்துவன் அல்லன், மந்திரவாதி.

மந்திரவாதியின் வாணிபம் எத்தகையது? காய்ச்சல் கண்ட குழந்தைக்குத் தாயத்துக் கட்டுகிறான். காய்ச்சல் தணிந்தால், "தாயத்தின் மகிமை பார்!" என்கிறான். தணியாவிட்டால், "பேய் பெரிது, இன்னும் பெரிய தாயத்துக் கட்ட வேண்டும்" என்கிறான். இரண்டிலும் இலாபம் அவனுக்கே. குழந்தை பிழைத்தாலும் காணிக்கை, பிழைக்காவிட்டாலும் காணிக்கை! ஆளவந்தாரின் சிறப்புச் சட்டங்களும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. குண்டு வெடிக்கவில்லையா? சட்டத்தின் சாதனை. வெடித்து விட்டதா? சட்டத்தின் கடுமை போதவில்லை, இன்னும் கடுமையாக்கு! எந்த நிகழ்ச்சி நடந்தாலும் பொய்யாகாத கொள்கை, விஞ்ஞானம் அல்ல, மூடநம்பிக்கை.

இது நம் வாய்வீச்சு அல்ல. 2006-ஆம் ஆண்டில் சிந்தியா லம் முதலான மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், பயங்கரவாதத்தைப் பற்றி முப்பது ஆண்டுகளில் வெளிவந்த எழுத்துகளைத் திரட்டினார்கள். இருபதாயிரத்துக்கும் மேல் கிடைத்தன. அவற்றில், "இன்ன நடவடிக்கை எடுத்தோம், அதனால் இன்ன பலன் விளைந்தது" என்று ஓரளவேனும் முறையாக அளந்து பார்த்தவை எத்தனை? ஏழு! இருபதாயிரத்தில் ஏழு! அந்த ஏழு சொன்னவையும் ஆட்சியாளர்க்கு இனிப்பாக இல்லை. விமான நிலையங்களில் உலோகத்தைக் கண்டறியும் கருவி வைத்ததால் விமானக் கடத்தல் குறைந்தது, உண்மை. ஆனால் வேறு வகைத் தாக்குதல்கள் பெருகின. 1986-இல் அமெரிக்கா லிபியாவின்மீது குண்டு வீசிப் பழி தீர்த்தது. அதைத் தொடர்ந்து சிறிது காலம் தாக்குதல்கள் குறையவில்லை, கூடின. கோடி கோடியாகப் பணம், ஆயிரம் ஆயிரமாக மனிதர்களின் சுதந்திரம், இவ்வளவையும் காவு வாங்கிய கொள்கைக்குக் காட்டப்பட்ட ஆதாரம் ஒரு கையின் விரல்களைச் சற்றே தாண்டுகிறது!

அளந்து பார்க்காமல் அள்ளி வீசிய சட்டம் என்ன செய்யும் என்பதற்குத் தெளிவான பாடம் வட அயர்லாந்து. ஐம்பதாண்டு வரலாறு, எண்கள் உண்டு, ஏடுகள் உண்டு, தீர்ப்புகள் உண்டு. அதனை இளைஞர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்.

1921-இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டு, வடபகுதி பிரிட்டனோடு இணைந்தே நின்றது. அங்கே பிராட்டஸ்டண்டுகள் பெரும்பான்மை, கத்தோலிக்கர் சிறுபான்மை. ஒரே கட்சி ஐம்பதாண்டு ஆண்டது. வீட்டு ஒதுக்கீட்டில் வஞ்சனை, வேலையில் வஞ்சனை, உள்ளாட்சி வாக்குரிமையில் வஞ்சனை. இவற்றை எதிர்த்து 1968-இல் மக்கள் தெருவில் இறங்கிக் கேட்டது என்ன? தனி நாடா? இல்லை: வீடு, வேலை, வாக்கு! கேட்டவர்க்குக் கிடைத்தது தடியடி. கலவரம் மூண்டது, 1969-இல் பட்டாளம் வந்தது, துப்பாக்கி ஏந்திய குழுக்கள் வளர்ந்தன.

அந்நிலையில், வட அயர்லாந்துப் பிரதமர் பிரையன் பால்க்னர் கேட்க, இலண்டனில் ஆண்ட எட்வர்ட் ஹீத் இசைய, 1971 ஆகஸ்டு 9 விடியற்காலையில் கட்டப்பட்டது பெரிய தாயத்து: விசாரணை இல்லாச் சிறை! கதவுகளை உடைத்து நுழைந்த பட்டாளம் முதல் வேட்டையில் 342 பேரை இழுத்துச் சென்றது. போலீசின் பட்டியலோ பழம் பட்டியல். என்றோ ஒரு காலத்தில் இயக்கத்தில் இருந்து ஓய்ந்த முதியவர்கள், உரிமை ஊர்வலம் நடத்தியவர்கள், பெயர்க் குழப்பத்தில் சிக்கியவர்கள் அதில் இருந்தனர். இரண்டே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டவரை, "நீ அல்ல, போ" என்று விட வேண்டியதாயிற்று. முதல் வேட்டையில் சிக்கியவர்கள் கத்தோலிக்கர் பக்கத்தவரே. எதிர்ப்பக்கத்திலும் ஆயுதக் குழுக்கள் இருந்தன, கொலைகள் செய்தன. ஆனால் அப்பக்கத்தவர் மீது இந்தச் சட்டம் பாய 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1975 டிசம்பரில் இந்தச் சிறைமுறை முடிவதற்குள் அடைக்கப்பட்டவர் மொத்தம் 1,981 பேர். அதில் 1,874 பேர் ஒரு பக்கம். 107 பேர் மறு பக்கம். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பதற்கு இதைவிடக் கேலி வேண்டுமோ!

பிடித்தவர்களில் பதினான்கு பேரைத் தனியே கொண்டு சென்றார்கள். தலையில் முக்காட்டுப் பை மாட்டினார்கள். கைகால் பரப்பிச் சுவரோடு மணிக்கணக்கில் நிறுத்தினார்கள். இடைவிடாத இரைச்சலில் வைத்தார்கள். உறக்கம் மறுத்தார்கள், சோறும் தண்ணீரும் மறுத்தார்கள். 1978-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதனை மனிதத் தன்மையற்ற, இழிவுபடுத்தும் செயல் என்றது. சித்திரவதை என்று சொல்ல மட்டும் தயங்கியது. 2021-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமே, இன்றைய அளவுகோலில் இது சித்திரவதை என்றே கொள்ளப்படும் என்று கூறியது. ஐம்பதாண்டு கழித்து! அதற்குள் அந்தப் பதினான்கு பேரில் சிலர் மண்ணுக்குள் போய்விட்டனர்.

சரி, கொடுமைதான், பலனாவது கிடைத்ததா? கணக்கைப் பாருங்கள். 1971-இல் அந்த ஆகஸ்டு 9-க்கு முன் மாண்டவர் ஏறத்தாழ முப்பது பேர். அதன்பின் அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டவர் ஏறத்தாழ நூற்று நாற்பது பேர். மறு ஆண்டு 1972-இல் ஏறத்தாழ 480 பேர்! முப்பதாண்டுப் போராட்டத்தில் அதுவே மிகக் கொடிய ஆண்டு. வேட்டை தொடங்கிய முதல் மூன்று நாளிலேயே பெல்பாஸ்டின் பாலிமர்பிப் பகுதியில் பத்துப் பேர் சுடப்பட்டு மாண்டனர். 1972 ஜனவரி 30-இல், இந்த விசாரணை இல்லாச் சிறையைக் கண்டித்து டெர்ரி நகரில் நடந்த ஊர்வலத்தின்மீது பட்டாளம் சுட்டது. பதின்மூன்று பேர் அன்றே வீழ்ந்தனர், பின்னர் ஒருவர். உடனே ஒரு விசாரணை நடத்திப் பட்டாளத்தின் மேல் பழி இல்லை என்றார்கள். 2010-இல் வெளிவந்த சேவில் விசாரணை அறிக்கை, வீழ்ந்தவர் எவரும் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையில் இல்லை என்றது. பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பாலிமர்பியில் மாண்ட பத்துப் பேரும் முற்றிலும் குற்றமற்றவர்கள் என்று 2021-இல் மரண விசாரணை கூறியது. மன்னிப்பும் தீர்ப்பும் வந்தன. அதற்கிடையே என்ன வந்தது? அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின், துப்பாக்கிக் குழுவைத் தேடி இளைஞர்கள் வரிசையில் நின்றனர். குழுக்காரர்கள் நூறு மேடை போட்டும் சேர்க்க முடியாத கூட்டத்தை அரசாங்கம் ஒரே பிற்பகலில் சேர்த்துக் கொடுத்தது!

கேரி லாஃப்ரீ, லாரா டூகன் முதலானோர் 1969 முதல் 1992 வரை அங்கே எடுக்கப்பட்ட ஆறு நடவடிக்கைகளைத் தரவுகளோடு வைத்து அளந்து, 2009-இல் முடிவை வெளியிட்டனர். தாக்குதலைத் தணித்ததாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: 1972-இல் தடைசெய்யப்பட்ட பகுதிகளுக்குள் பெரும்படை புகுந்து கைப்பற்றிய நடவடிக்கை. பட்டாளத்தால் எப்போதும் எதுவும் ஆகாது என்று நாமும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. ஆனதை ஆனது என்போம். ஆனால் மொத்தத்தில், அடி அச்சத்தை வளர்த்ததைவிட ஆத்திரத்தை வளர்த்ததற்கே சான்று மிகுதி என்பது அவர்கள் கண்ட முடிவு.

"குற்றமற்றவர் சிலர் சிக்கலாம், நாட்டின் நலனுக்காகச் சிலர் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அவர்களுக்குப் பர்மிங்காம் பதில் சொல்லட்டும். 1974 நவம்பர் 21-இல் அந்நகரின் இரு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் மாண்டனர். எட்டே நாளில் பிறந்தது பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். கொண்டு வந்த அமைச்சர் ராய் ஜென்கின்ஸே இவை கொடிய அதிகாரங்கள் என்று ஒப்புக்கொண்டு கொண்டு வந்தார். குண்டு வைத்ததாக ஆறு அயர்லாந்துக்காரர்கள் ஆயுள் தண்டனை பெற்றனர். பதினாறு ஆண்டு சிறையில் கிடந்தபின், 1991-இல் அந்தத் தீர்ப்பு நிற்காது என்று நீதிமன்றமே அவர்களை விடுவித்தது. அப்படியானால் குண்டு வைத்தவன் எங்கே? அந்தக் கொலைகளுக்காக வேறு எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. ஆறு நிரபராதிகள் உள்ளே இருந்த ஒவ்வொரு நாளும் உண்மைக் குற்றவாளி வெளியே இருந்தான்! நிரபராதியைப் பிடிப்பது பாதுகாப்பின் விலை அல்ல, தோழர்களே, பாதுகாப்பின் தோல்வி.

அந்த 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் ஒரு வால் உண்டு: "தற்காலிக ஏற்பாடுகள்"! தற்காலிகம் எத்தனை காலம் நீடித்தது? புதுப்பித்துப் புதுப்பித்து, திரும்பத் திரும்ப இயற்றி, 2000-இல் நிரந்தரச் சட்டம் வரும்வரை வாழ்ந்தது. 1971-இல் சிறைக்கதவைத் திறந்துகொடுத்த வட அயர்லாந்தின் சிறப்பு அதிகாரச் சட்டமும் அப்படியே. 1922-இல் ஓராண்டுக்கு என்று வந்தது; திரும்பத் திரும்ப நீட்டப்பட்டது; 1933-இல் நிலைத்துவிட்டது. விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரனாகி விட்டான்!

இந்த விருந்தாளி கடல் கடந்தும் வந்தான். 1979-இல் இலங்கை அரசு ஒரு சட்டம் செய்தது. பெயர் என்ன தெரியுமா? பயங்கரவாதத் தடுப்பு — தற்காலிக ஏற்பாடுகள் — சட்டம்! பெயரிலேகூட மாற்றமில்லை. அமைச்சரின் ஆணையால் பதினெட்டு மாதம் வரை விசாரணையின்றிச் சிறை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம். அப்போது அங்கே ஆயுதம் ஏந்திய தமிழ் இளைஞர் சிறுகூட்டம். 1982-இல் தற்காலிகம் நிரந்தரமாயிற்று. 1983 ஜூலையில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில், அரசின் காவலில், பூட்டிய கதவுக்குள், 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். சிறுகூட்டம் பெரும்படை ஆனது. போர் 2009 வரை எரிந்தது. அந்தப் போருக்கு வேர் பல: மொழி உரிமை பறிப்பு, கல்வியில் வஞ்சனை, குடியேற்றம், இனக்கலவரம். சட்டம் ஒன்றே காரணம் என்று சொல்வது ஆராய்ச்சி ஆகாது. ஆனால் வேரைத் தொடாமல் கிளையை வெட்டப் போன அரிவாள், வெட்டவும் இல்லை. நட்டது மட்டும் மிகுதி என்பதை யார் மறுக்க முடியும்?

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1985-இல் வந்தது தடா. அதன்கீழ் 1995-இல் அது காலாவதியாகும்வரை பிடிக்கப்பட்டவர் எழுபத்தையாயிரத்துக்கும் மேல். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. எஞ்சிய தொண்ணூற்றெட்டுப் பேரின் இளமையை, பிழைப்பை, மானத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? திருப்பெரும்புதூரில் 1991 மே 21-இல் நடந்த படுகொலை நாட்டையே உலுக்கியது. குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால் 1998-இல் தடா நீதிமன்றம் செய்தது என்ன? குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு! மறு ஆண்டே உச்ச நீதிமன்றம், அந்தக் குற்றம் தடாச் சட்டத்துக்குள் வராது என்று கூறி, 19 பேரை விடுவித்தது. தடா போயிற்று, தடாவின்கீழ் போலீஸ் எழுதிய வாக்குமூலம் மட்டும் நின்றது. பேரறிவாளனின் வாக்குமூலத்தில் அவருக்குச் சாதகமான ஒரு பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக, எழுதிய அதிகாரியே 2013-இல் வெளியே சொன்னார். பத்தொன்பது வயதில் சிறை புகுந்த அந்த இளைஞர் 2022 மே மாதத்தில் வெளிவந்தபோது ஐம்பதைத் தொட்டிருந்தார்.

2002-இல் பொடா. நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டம் கூட்டி நிறைவேற்றினார்கள். "பயங்கரவாதி மீது மட்டும் பாயும், பயப்பட வேண்டாம்" என்றார்கள். சில திங்களில் அது பாய்ந்தது ஒரு மேடைப் பேச்சின்மீது! திருமங்கலத்தில் பேசியதற்காக வைகோ கைதானார். பத்தொன்பது மாதம் சிறையில் இருந்தார். அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய ஆளும் கூட்டணியில் அவருடைய கட்சியும் ஓர் உறுப்பு என்பதை இளைஞர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இழிவுக்காகச் சொல்லவில்லை, படிப்பினைக்காகச் சொல்கிறோம். அடுத்தவன் கழுத்துக்கென்று முறுக்கப்படும் கயிறு, அளவு பார்த்து முறுக்கப்படுவதில்லை. வெறும் பேச்சாதரவு, பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நோக்கமின்றிக் குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்க வேண்டியதாயிற்று.

2004-இல் பொடா ஒழிந்தது என்று மாலை மாற்றிக்கொண்டார்கள். ஒழிந்ததா? அதன் உறுப்புகளில் பலவற்றைப் பெயர்த்து, 1967-ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் என்னும் பழைய உடலில் ஒட்டினார்கள். இம்முறை தற்காலிகம் என்ற பாசாங்கும் இல்லை. இது காலாவதியாகாத சட்டம்! 2008-இல், குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை காவல் என்றார்கள். சாட்டப்பட்ட குற்றம் மேலோட்டமாக மெய்போல் தோன்றினாலே ஜாமீன் இல்லை என்றார்கள். 2019-இல், இயக்கத்தை மட்டுமல்ல, தனி மனிதனையும் வழக்கின்றித் தீர்ப்பின்றிப் பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம் என்றார்கள். அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படியே, 2018 முதல் 2020 வரை இச்சட்டத்தின்கீழ் கைதானவர் 4,690 பேர். அதே காலத்தில் தண்டிக்கப்பட்டவர் 149 பேர். "வழக்குகள் நிலுவையில் உள்ளன, ஐயா!" என்பார்கள். ஆம், உள்ளன. நிலுவையே தண்டனை என்பதுதான் நம் குற்றச்சாட்டு. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, சார்க்கண்டின் பழங்குடி மக்களிடையே உழைத்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, 83 வயதில், 2020 அக்டோபரில் இச்சட்டத்தின்கீழ் கைதானார். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் விண்ணப்பித்தார். 2021 ஜூலை 5-இல், விசாரணை தொடங்காத கைதியாகவே மாண்டார். அவர் குற்றவாளியா, அல்லரா? எந்தத் தீர்ப்பும் எழுதப்படவில்லை. தண்டனை மட்டும் முடிந்துவிட்டது.

இந்தச் சட்டங்களின் அடியில் கிடக்கும் நஞ்சு ஒன்றை நம் மக்கள் நன்கு அறிவர்: பிறப்பைப் பார்த்துச் சந்தேகிப்பது. 1871-இல் வெள்ளையர் ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றியது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. கைரேகை வை, இரவில் போலீஸ் நிலையத்தில் படு என்று பிறந்த குலத்தின் பேரால் கட்டளையிட்டது. 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தனர்; துப்பாக்கி பேசியது; பதினைந்துக்கும் மேற்பட்டவர் வீழ்ந்தனர். 1871-இல் இங்கே குலம்; சரியாக நூறாண்டு கழித்து 1971-இல் பெல்பாஸ்டில் மதம். இன்று பல நாடுகளில் தாடியும் தொப்பியும் பெயரும். ஆனால் ஆராய்ச்சி என்ன சொல்கிறது? பொருளாதார அறிஞர் ஆலன் குரூகர் 2007-இல் வெளியிட்ட நூலில், வறுமையும் கல்வியின்மையும் பயங்கரவாதிகளை உண்டாக்குகின்றன என்ற பரவலான எண்ணத்துக்குச் சான்று இல்லை என்று காட்டினார். பயங்கரவாதிக்கென்று ஒரு முகச்சாயல் இல்லை என்பதே பல்லாண்டு ஆய்வின் முடிவு. அங்க அடையாளம் பார்த்துக் குணம் சொல்வது சாமுத்திரிகா இலட்சணம்; அதைப் புலனாய்வு என்று அழைப்பது பொருந்தாது.

அப்படியானால் பயங்கரவாதம் எப்படித்தான் முடிகிறது? சேத் ஜோன்ஸ், மார்ட்டின் லிபிக்கி என்ற இருவர் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்துக்காக 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 குழுக்களை ஆராய்ந்தனர். அது அமைதி மடம் அல்ல, தோழர்களே. அமெரிக்கப் படைத்துறைக்கே ஆராய்ச்சி செய்து கொடுக்கும் நிறுவனம்! முடிந்துபோன குழுக்களில் நூற்றுக்கு 43 அரசியல் வழிக்குத் திரும்பியதால் முடிந்தன. நூற்றுக்கு 40 உள்ளூர்ப் போலீசும் உளவுத்துறையும் துப்புத் துலக்கிப் பிடித்ததால் முடிந்தன. நூற்றுக்கு 10 தம் நோக்கத்தில் வென்றன. படைபலத்தால் முடிந்தவை நூற்றுக்கு 7! வட அயர்லாந்திலும் முடிவு தந்தது எது? 1998 ஏப்ரல் 10-இல் எழுதப்பட்ட ஒப்பந்தம். ஏறத்தாழ 3,500 பிணங்களுக்குப் பிறகு, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வாக்கெடுப்பில் வடபகுதி மக்கள் நூற்றுக்கு 71 பேர் "ஆம்" என்றனர். முப்பதாண்டுக்கு முன்பே வீடும் வேலையும் வாக்கும் நேர்மையாகக் கொடுத்திருந்தால் எத்தனை தாய்மார் வயிறு எரியாமல் இருந்திருக்கும்!

இதே ஆராய்ச்சி துப்பாக்கி ஏந்தத் துடிக்கும் இளைஞனுக்கும் ஒரு சேதி சொல்கிறது. அதை மறைத்து, ஆட்சியாளனை மட்டும் அடிப்பது நேர்மை ஆகாது. மேக்ஸ் ஆப்ரம்ஸ் 2006-இல் 28 குழுக்களின் 42 அரசியல் நோக்கங்களை எடுத்துப் பார்த்தார். நிறைவேறியவை நூற்றுக்கு ஏழே. பொதுமக்களைக் குறிவைத்த குழுக்களே படுதோல்வி கண்டன. எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீஃபன் இருவரும் 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களை ஒப்பிட்டு 2011-இல் எழுதினார்கள்: ஆயுதம் ஏந்தாத போராட்டங்களில் நூற்றுக்கு 53 வென்றன, ஆயுதம் ஏந்தியவற்றில் நூற்றுக்கு 26. ஆயுதம் குறுக்கு வழி என்பவனும், சிறை குறுக்கு வழி என்பவனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இருவருக்கும் அச்சமே ஆசான். ஒருவன் அஞ்ச வைத்து ஆட்சியை மாற்ற நினைக்கிறான். மற்றவன் அஞ்ச வைத்து ஆட்சியைக் காக்க நினைக்கிறான். ஒருவன் கொடுமையைக் காட்டி மற்றவன் வளர்கிறான். இடையில் நசுங்குபவர் மக்கள்.

நாம் கேட்பது வானத்து நிலவு அல்ல. குண்டு வைத்தவனைப் பிடி, திறமையான புலனாய்வால் பிடி, சான்றோடு கொண்டு வா, திறந்த மன்றத்தில் விசாரி, விரைவில் விசாரி, மெய்ப்பித்தால் தண்டி. சிறப்புச் சட்டம் வேண்டும் என்கிறாயா? ஆயுள் குறித்து வா. ஆயுள் முடியும்போது, எத்தனை பேரைப் பிடித்தாய், எத்தனை பேரை விட்டாய், எத்தனை தாக்குதல் குறைந்தது என்று கணக்கோடு வா. கணக்கு இல்லையேல் சட்டம் இல்லை. தவறாகச் சிறையிட்டவர்க்கு அரசே ஈடு கொடு. போலீஸ் எழுதும் வாக்குமூலத்தைச் சாட்சியம் ஆக்கும் வழி எந்தப் பெயரிலும் திரும்பி வர விடாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, குறை கேட்பவன் கையில் மனு இருக்கும்போதே கேள். துப்பாக்கி வரும்வரை காத்திராதே.

இதனை எந்தக் கட்சி ஆண்டாலும் கேட்க வேண்டும். வேண்டாதவர் ஆளும்போது கண்டனம், வேண்டியவர் ஆளும்போது மௌனம் என்பது பகுத்தறிவு அன்று, அது பக்தி. தடாவைக் கொண்டு வந்தவர் ஒருவர், பொடாவைக் கொண்டு வந்தவர் வேறொருவர், அதன் உறுப்புகளை 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒட்டியவர் மற்றொருவர், அதை மேலும் முறுக்கியவர் பின்னும் ஒருவர். கட்டிய கைகள் மாறின, தாயத்து ஒன்றே.

இளைஞர்களே! கோயில் வாயிலில் நின்று "ஆதாரம் எங்கே?" என்று கேட்பது இன்று பெரிய வீரம் அல்ல. குண்டு வெடித்து, குருதி உறையுமுன், ஊரே கொதித்து நிற்கும் வேளையில், "இந்தச் சட்டத்தால் அடுத்த குண்டு நிற்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்பது வீரம். அந்த வேளையில் கேட்பவன் தனித்து நிற்பான், தூற்றப்படுவான், சந்தேகிக்கவும் படுவான். நிற்கட்டும். 1971-இல் அப்படி உரக்கக் கேட்பவர் போதிய பேர் இருந்திருந்தால், 1972-இன் பிணக்கணக்கு அவ்வளவு நீண்டிராது. அடுத்த தாயத்து எப்போதோ முறுக்கப்படப் போகிறது. அது கழுத்துக்கு வருமுன் அவிழ்த்துப் பாருங்கள்; உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுங்கள்.